சாவுக்கு முந்திய நாட்கள்: மலையக மரண உதவிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்களை நடத்திவரும் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நீங்கள் எவ்வளவு வேகமாக இயங்குவீர்கள் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். விடிவதற்குள் மேட்டு லயம், பணிய லயம் என்று தொழிலாளர் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேதி போய்விடும். கூடாரம் வந்துவிடும், கதிரைகள் வந்துவிடும். ஒருவர் பெட்டி எடுக்க டவுனுக்குப் போவார், ஒருவர் உறவுக்காரருக்குக் கேதம் (சாவுச் சேதி) சொல்லப் போவார், இளைஞர்கள் மண்வெட்டியும் அலவாங்குமாகக் குழி வெட்டக் கிளம்பிவிடுவார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து ரொட்டியும் சாயத்தண்ணியும் வரும். செலவுக்கான பணம் சங்கத்திலிருந்து கைக்கு வந்து சேரும். வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அன்று வந்து தோள் கொடுப்பார்கள். கம்பனியோ அரசாங்கமோ சொல்லிக்கொடுத்த பழக்கம் அல்ல இது. கையில் எதுவுமே இல்லாத காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் தாங்களாகவே கட்டியெழுப்பிய ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எழுத வந்தது அதற்கு முந்திய நாட்களைப் பற்றி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய நாளுக்கும், நீங்கள் கூடாரம் அடிக்கும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள் இருக்கின்றன. சிலருக்குப் பல மாதங்கள். அந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போவோர் வருவோர் மிகக் குறைவு. சங்கம் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்ற விதியும் உங்கள் சங்க யாப்பில் (விதிக்கோவையில்) இல்லை. அந்த விதியைச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அரச வைத்தியசாலைகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். விடுதியில் கண்டதையும், ஓய்வுக்குப் பிறகு லயங்களுக்குப் போய்க் கண்டதையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் முதியவர்கள் சாவுக்குப் பயந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் அவர்களிடம் பேச்சை மாற்றுகிறோம். "எனக்கு நாள் நெருங்கிவிட்டது" என்று ஒரு கிழவி சொன்னால், மகன் "சும்மா இரு அம்மா, நூறு வயது இருப்பாய்" என்கிறான். மருமகள் வெளியே போய் அழுகிறாள். பேச வந்தவள் வாயை மூடிக்கொள்கிறாள். சொல்லக் கிடைத்த நேரம் அப்படியே போய்விடுகிறது. உண்மையில் அவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாட்டி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊழியர் சேமலாப நிதி கிடைத்த வருடம் வாங்கி, ஒரு நாளும் உடுத்தாமல் மடித்து வைத்த சேலை. அதன் மடிப்புக்குள் கைக்குட்டையில் முடிந்த நோட்டுகள். அடியில் கணவரின் கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பிவிட்டுச் சொன்னார்: "உடுத்திவிடச் சேலை இருக்கிறது மிஸ். பெட்டிக்குச் சங்கம் இருக்கிறது. குழி வெட்டப் பொடியன்கள் இருக்கிறார்கள். படுக்கையில் விழுந்தால் யார் இருப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை."

நான் பேசிய முதியவர்களில் மிகப் பலரின் மனம் இதுதான். நடையுடையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறார்கள். பூவும் பொட்டுமாகப் போக வேண்டும் என்று சில பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் அஞ்சுவது கிடையில் கிடப்பதற்கு. பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில், இஸ்தோப்பு என்னும் முன் திண்ணையில் ஒரு பலகைக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மற்றவர்களின் வழியை அடைத்துக்கொண்டு கிடப்பதற்கு. கக்கூசு லயத்துக்குப் பின்னால், படி இறங்கிப் போகும் தூரத்தில் இருக்கும். இரவில் யாரையும் எழுப்பக் கூடாது என்பதற்காகப் பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்ட பாட்டிமாரை எனக்குத் தெரியும். சிறுநீர்க் கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, புத்தி தடுமாறிய நிலையில் வைத்தியசாலைக்கு வருவார்கள். வயதாகிவிட்டது, மனம் பேதலித்துவிட்டது என்று வீட்டார் நினைத்திருப்பார்கள். ஒரு சட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அது வந்திருக்காது.

வீட்டில் இருந்து கவனிக்கவும் ஆள் இல்லை. மகள் மத்திய கிழக்கில், மகன் கொழும்பில் கடையில், மருமகள் தேயிலை மலையில். மருமகள் ஒரு நாள் நின்றால் அந்த நாளின் பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். காலையில் ரொட்டியைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தூர இடத்தில் சாவது அவர்களின் அடுத்த பயம். புற்றுநோய் என்றால் மகரகம, கண்டி, பதுளை. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் நான்கைந்து மணித்தியாலம். அங்கே விடுதியில் நல்ல மருத்துவர்கள், நல்ல தாதிகள் இருக்கிறார்கள். ஆனால் இரவில் தமிழ் பேச ஒருவரும் இல்லாத விடுதிகள் இன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டில் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தத் திருத்தம் நடுச்சாமத்தில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டால் நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். வலியை எழுதாமலே அட்டை மூடப்படும். பிறகு உயிர் பிரிந்தால் வேன் வாடகை. உயிரோடு கொண்டுவர ஆகும் செலவையும் பிரேதமாகக் கொண்டுவர ஆகும் செலவையும் லயத்தில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனாலேயே பலர் பாதி வைத்தியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வந்த பிறகு, வலிக்கு ஒரு பனடோல் அட்டை.

வலியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை நம் மலைகளில் பசியை மறக்கவும் குளிரைத் தாங்கவும் வாயில் அடக்கிய பழக்கம். ஒரு தாத்தாவை லயத்தில் பார்த்தேன். கன்னத்தில் புண் வெளியே உடைத்திருந்தது. அந்த நாற்றத்தில் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வருவதில்லை. அவருடைய தட்டும் கோப்பையும் தனியே இஸ்தோப்பு மூலையில் இருந்தன. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கிட்டிய வைத்தியசாலையின் மருத்துவரிடம் பேசி, அவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, உப்புநீரில் கழுவிக் கட்டினோம். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. வலிக்கு வாயால் குடிக்கும் மோர்பின் மருந்தும் தொடங்கினார்கள். அடுத்த முறை நான் போனபோது, சின்னப் பேத்தி அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பள்ளிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். நோய் குறையவில்லை. அவர் அந்த மாதமே இறந்துபோனார். ஆனால் வீட்டுக்குள், வீட்டாரோடு இருந்து போனார்.

இதற்குத்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். நோயைக் குணமாக்க முடியாத இடத்திலும் வலி, மூச்சுத்திணறல், புண், மலச்சிக்கல், பயம் இவற்றைக் குறைக்கும் வைத்தியம் அது. புதுமையான காரியமும் அல்ல. மோர்பின், உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இந்தப் பராமரிப்பை எல்லா நாடுகளும் தம் சுகாதார சேவைக்குள் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நம் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தது. காகிதம் எல்லாம் சரி. மஸ்கெலியாவிலோ ஹப்புத்தளையிலோ ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மோர்பின் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. போதை மருந்து, கடைசி மருந்து, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று வீட்டார் மறுத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன மணிக்குக் கொடுத்தால் அது சாவை விரைவுபடுத்துவதில்லை. நோயாளி தூங்குகிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். வலி வந்தபின் கொடுக்காமல் வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். கூடவே மலம் இளகும் மருந்தும் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு பேரனுக்கு அரை மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

இனி நான் உங்களிடம் ஏன் வந்தேன் என்பதற்கு வருகிறேன். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் ஒரு சிறிய வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர்களால் மட்டும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர முடியவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் மாவட்டத்தில் அயலவர்களே அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். கடைக்காரர்கள், மாணவர்கள், கூலி வேலை செய்பவர்கள் பயிற்சி பெற்று, வாரத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்கி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். மக்களிடம் சேர்த்த சில்லறையில் மருந்து வாங்கினார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. மக்கள் முதலில் நடந்தார்கள், அரசு பின்னால் வந்தது. அவர்கள் புதிதாக உருவாக்க வேண்டியிருந்த வலைப்பின்னல் நம்மிடம் பல தலைமுறையாக இருக்கிறது. லயம் லயமாக ஆள் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இருக்கிறது. மாதச் சந்தா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்துக்காரர் என்றால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். இந்த நம்பிக்கை தொழிற்சங்கத்துக்கும் இல்லை, தோட்ட நிர்வாகத்துக்கும் இல்லை.

ஒவ்வொரு சங்கமும் தன் சந்தாவில் ஒரு சிறு பங்கை உயிரோடு இருப்பவர்களுக்காக ஒதுக்கட்டும். அதில் முதலில் பொருட்கள் வாங்குங்கள். ஒரு காற்று மெத்தை, படுக்கைச் சட்டி, இருந்தபடியே மலம் கழிக்கும் கதிரை, சக்கர நாற்காலி. இவை ஒரு வீட்டுக்குச் சில மாதங்களே தேவைப்படும். பிறகு கழுவி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம், கூடாரமும் கதிரையும் சுற்றுவதுபோல. சக்கர நாற்காலிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேட்கலாம். முதியவர்களுக்கென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கேட்பது நம் உரிமை.

அடுத்தது ஆட்கள். தோட்டத்துக்கு நாலைந்து பேர் போதும். ஆணும் பெண்ணுமாக, ரகசியம் காக்கத் தெரிந்தவர்களாக. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வருவது குறையும் என்பதை வீட்டுக்கு வீடு சொல்லித்தர அவர்களால் முடியும். மருமகள் வேலைக்குப் போகும் நேரத்தில் முறைவைத்து ஒருவர் எட்டிப் பார்க்கலாம். கண்டிக்கோ மகரகமவுக்கோ போகும்போது சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போகலாம். முடியாவிட்டால், நோயாளியின் வலியையும் பாவிக்கும் மருந்தையும் சிங்களத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பலாம். படித்த பிள்ளைகள் இப்போது எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். நாலு பேர் தோள் கொடுப்பதைப் புண்ணியம் என்கிறோம். ஒருவர் உயிரோடு இருக்கும்போது அவர் கால் வீக்கத்தை நீவிவிடுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவதாக, கேளுங்கள். இதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பேசத் தெம்பிருக்கும்போதே பெரியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நோய் முற்றினால் வைத்தியசாலையில் இருக்க விருப்பமா, வீட்டிலா? யாரை வரவழைக்க வேண்டும்? நோயின் உண்மையைத் தனக்குச் சொல்ல வேண்டுமா, மகனுக்கு மட்டும் சொன்னால் போதுமா? புதைப்பதா, எரிப்பதா? யாரிடம் மன்னிப்புக் கேட்க இருக்கிறது? ஒரு தாத்தா எனக்குச் சொன்ன ஒரே விருப்பம், சண்டை போட்டுப் பிரிந்த தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது. தம்பி பக்கத்து டிவிசனில்தான் இருந்தார். யாரும் கேட்காததால் தாத்தா அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேதம் சொல்ல மட்டும் ஆள் அனுப்பும் நாம், அதற்கு முன்பே ஆள் அனுப்பினோம். தம்பி வந்தார்.

சாவதற்கு முன்பே சங்கத்துக்காரன் வாசலில் வந்து நிற்கிறான் என்று பேச்சு வரும். அபசகுனம் என்பார்கள். அந்த மனத்தாங்கலை நான் மதிக்கிறேன். அதனால் மரண உதவி என்ற பெயரோடு போகாதீர்கள். நோயாளி பார்க்கும் குழு என்று தனிப் பெயர் வையுங்கள், கோயில் கமிட்டியோடு அல்லது சர்ச்சோடு சேர்ந்து போங்கள், பெண்களை முன்னால் விடுங்கள். நோய் கண்ட உடனேயே போகத் தொடங்கினால் நீங்கள் வருவது சாவின் அடையாளமாகத் தெரியாது. பழைய கொழுந்துக்காரி ஒருத்தி கஞ்சியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் எந்த வீட்டிலும் அபசகுனம் பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு, வயதானவர்களுக்கு வைத்தியம் வேண்டாம் என்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. நகரங்களில் சில குடும்பங்களின் கவலை, கடைசி நாட்களில் அளவுக்கு மிஞ்சிக் குழாய்களும் இயந்திரங்களும் பொருத்திவிடுகிறார்கள் என்பது. மலையகத்தின் துயரம் வேறு. வைத்தியம் செய்தால் எழுந்து நடக்கக்கூடியவர் அது கிடைக்காமலே போய்விடுகிறார். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிப் போகும் பாதைகளை நாம் இன்னும் கண்ணால் பார்க்கிறோம். இடுப்பு எலும்பு முறிந்தால், சளிக்காய்ச்சல் வந்தால், சீனி வருத்தம் முற்றினால், எண்பது வயதானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1990க்கு அழைத்து அம்பியூலன்ஸ் கேட்க வேண்டும். "வயது போய்விட்டது, இனி என்ன" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குணமாகாது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்ன நோய்க்கே நான் மேலே சொன்னவை. அப்போதும் வலிக்கான வைத்தியம் முழுமையாக வேண்டும்.

கடைசி நாட்களைப் பற்றி வீட்டார் என்னிடம் அதிகம் கேட்பது சாப்பாட்டைத்தான். உயிர் அடங்கும் காலத்தில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்ற பேர் வந்துவிடுமே என்று பயந்து, விழுங்க முடியாதவரின் வாயில் கஞ்சியைத் திணிக்கிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய் மூச்சுத் திணறுகிறது. சேலைன் ஏற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அந்த நிலையில் சேலைனால் நெஞ்சில் நீர் கோக்கவும் கூடும். நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரமாக்குங்கள், அதுவே அவருக்குச் சுகம். பால் ஊற்றும் சடங்கையும் விட வேண்டியதில்லை. பாலில் பஞ்சைத் தொட்டு ஒவ்வொருவராக உதட்டில் தடவினால் போதும். உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் மண்ணாசை தீரவில்லை என்று சொல்லி மண்ணைக் கரைத்து ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை வாயில் ஊற்றாமல் காலடியில் தெளிக்கச் சொல்லுங்கள். இருநூறு வருடம் இந்த மலையில் உழைத்தும், பெரும்பாலோர் சொந்தமாக ஒரு துண்டு மண் எழுதி வாங்காத சனத்துக்கு மண்ணாசை தீராமல் இருப்பதில் என்ன அதிசயம் என்று எனக்குத் தோன்றும்.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா, அறுப்பார்களா என்ற பயத்தில் கடைசி மணித்தியாலத்தில் வாகனம் பிடித்து ஓடுகிறார்கள். கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்டும் பத்திரமாக இருந்தால், நீண்ட நாள் நோயால் வந்த மரணம் என்று காட்டுவது எளிது. அவற்றை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உங்கள் குழு முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உங்களால் முடியாதவையும் இருக்கின்றன. மோர்பின் எழுத மருத்துவர் வேண்டும், வீட்டுக்கு வரத் தாதி வேண்டும். ஒரு குழந்தை பிறந்தால் மருத்துவ மாது லயத்துக்கே தேடி வருகிறார். அப்படி வந்துதான் இந்த நாடு தாய் சேய் மரணத்தைக் குறைத்தது. சாகக் கிடப்பவரைத் தேடியும் ஒருவர் வரவேண்டும் என்று மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணச் சுகாதாரத் திணைக்களங்களுக்கு எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரு பிரதேசத்தின் எல்லாச் சங்கங்களும் ஒரே கடிதத்தில் முத்திரை குத்தி அனுப்புங்கள். பிரதேச வைத்தியசாலைகளில் வாய்வழி மோர்பின் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது தமிழ் பேசும் தாதி ஒருவர் லயங்களுக்கு வரவேண்டும், உங்கள் குழுக்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பயிற்சி தரவேண்டும். இந்த மூன்றையும் கேளுங்கள்.

வருடக் கணக்கு வாசிக்கும் பொதுக்கூட்டம் பல தோட்டங்களில் நெருங்குகிறது. அந்தக் கூட்டத்தில் யாப்பில் ஒரு பிரிவைச் சேர்க்கும் பிரேரணையை வையுங்கள். கூட்டத்துக்கு முதியவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்து, முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். படுக்கைப் புண் பராமரிப்பையும் புரட்டிப் படுக்கவைக்கும் முறையையும் செய்து காட்ட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற தாதிகள் இன்னும் சிலர் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையில் வேலை இருக்காது, எல்லோருக்கும் வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.